ஐஸ் பெட்டியில் சிவப்பு மெழுகு

மருமகள் மலர் கைபேசியைக் கண்ணாடி மூடிக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். கைபேசிக்குள் அவள் புருஷன் குமரேசன், தலையில் மஞ்சள் தொப்பியோடு, குவைத்தில் பாதி எழும்பிய ஏதோ ஒரு கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். மூடிக்குக் கீழே அவனுடைய அம்மா படுத்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு" என்றான்.

அவள் கையை இன்னும் தாழ்த்தினாள். கைபேசி கண்ணாடியில் இடித்தது.

"பொடவ தெரியுது. மாலை தெரியுது. மொகம் தெரியலையே மலரு."

ஏன் தெரியவில்லை என்பது அந்த வீட்டில் கூடியிருந்த அத்தனை பேரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை இந்தத் தொடரில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பட்டுச் சேலையில் சொட்டிய மெழுகை எப்படி எடுப்பது என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போயிருக்கலாம். ஆனால் மெழுகு என்று எழுத ஆரம்பித்தாலே மனசு நேராக அந்த வீட்டுக்குப் போய் நின்றுவிடுகிறது.

பெட்டிக்காரம்மா

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அரியலூரில் செந்துறை ரோட்டில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் மூன்று ஐஸ் பெட்டிகள். வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும்வரை இறந்தவர்களைக் கிடத்தி வைக்கிற குளிர்ப் பெட்டிகள்தான். வாடகைக்கு விடுகிறோம். கொண்டுபோய் வைப்பதும் எடுத்து வருவதும் என் வீட்டுக்காரர் வேலை. வந்த பெட்டியைச் சுத்தம் செய்வது என் வேலை.

முன்பு அவர் மைக் செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து என்று வாரத்துக்கு நாலு விருந்துச் சாப்பாடு. பெட்டி வாங்கிய பிறகு எங்களைச் சும்மா பார்க்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். தெருவில் எனக்குப் பெட்டிக்காரம்மா என்று பெயர் விழுந்தது. மளிகைக் கடையில் நான் உளுந்து கேட்டால், "இன்னைக்கு எந்த ஊருக்கும்மா போயிருக்கு?" என்று பதில் வரும். எரிச்சலாக இருக்கும். அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் விடியுமுன் என் போன்தான் அடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

சுத்தம் என்று வந்தால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எங்கள் மூடியில் ஒரு கைரேகை இருக்காது. கடைசியாக ஒருவரை அதன் வழியாகத்தான் பார்க்கப்போகிறார்கள், அது பளிச்சென்று இருக்க வேண்டாமா? இதை நான் பெருமையாகப் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

மெழுகு எடுக்கும் விதம்

பெட்டியோடு பலதும் வரும். மாலை நார், ஊதுபத்திச் சாம்பல், விளக்கெண்ணெய், காய்ந்த சந்தனம். எல்லாவற்றிலும் என்னைப் படுத்துவது மெழுகுதான்.

கிறிஸ்தவர் வீடுகளில் மெழுகுவத்தியைத் தாங்கியில் செருகித் தலைமாட்டில் ஒழுங்காக நிறுத்துவார்கள். மற்ற வீடுகளில்தான் இப்போது புதிதாகப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். நாலு சொட்டை மூடி மேலேயே விட்டு அதில் வத்தியை நட்டு வைத்துவிடுவார்கள். அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய் ஒரு தட்டு வையுங்கள் என்று யார் சொல்வது?

வாசகி கேட்டதற்கு வருகிறேன். துணியில் மெழுகு சொட்டினால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. சூடாக இருக்கும்போது தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். ஆறி இறுகட்டும். அவசரமென்றால் ஒரு பையில் ஐஸ்கட்டி போட்டு மேலே வையுங்கள். இறுகியதை நகத்தால் உதிர்த்துவிடலாம்.

மிச்சத்துக்கு இஸ்திரிப் பெட்டி. துணிக்கு மேலும் கீழும் பழுப்புத் தாள் வைத்து, குறைந்த சூட்டில் அழுத்தினால் மெழுகு தாளுக்கு ஏறிவிடும். தாளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். செய்தித்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை பெட்டியைச் சுற்றிக் கட்டுகிற வெள்ளைத் துணியில் அப்படிச் செய்து, ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் பாதி அதில் பதிந்துவிட்டது. பட்டுக்கு இஸ்திரிச் சூட்டை இன்னும் குறைத்து, முந்தானை ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள் அம்மா.

மெழுகோடு துணியை வாஷிங் மிஷினில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். அதுவும் வெந்நீரில். உருகிய மெழுகு டிரம்மின் ஓட்டைகளில் எல்லாம் போய் உட்கார்ந்தது. குழாயில் இறங்கினது அங்கேயே இறுகி அடைத்துக்கொண்டது. அடுத்து துவைத்த என் வீட்டுக்காரர் சட்டைகளில் அம்மை போட்டதுபோல் புள்ளி. வெறும் மிஷினில் வெந்நீர் விட்டு, பழைய துண்டுகளைச் சுற்றவிட்டு, டிரம்மை விரல் விரலாகத் துடைத்து எடுக்க இரண்டு நாள் ஆனது. குழாயைக் கழற்றித்தான் சரிசெய்தார்கள்.

ஒரு புயலின்போது மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜின் தலையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தோம். அது உருகிக் கதவின் ரப்பரில் வழிந்து கதவையே ஒட்டிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித்தான் பிரித்தேன். கத்தியை வைத்திருந்தால் ரப்பர் போயிருக்கும். பொறுமை ஒன்றுதான் வேண்டும், வேறு மருந்து கிடையாது. இதெல்லாம் நன்றாகத் தெரிந்தவள்தான் நான்.

பெரம்பலூரிலிருந்து வந்த மூடி

அன்று காலை பெரம்பலூரிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. பைக் விபத்தில் போன ஒரு இளைஞன். கூட்டாளிகள் ஆளுக்கொரு மெழுகுவத்தியாக மூடியிலேயே நட்டிருக்கிறார்கள். அத்தனையும் சிவப்பு. அவனுக்குப் பிடித்த நிறமாம். முகம் இருக்கிற இடத்தைச் சுற்றி அடை அடையாக மெழுகு உறைந்து கிடந்தது.

எங்கள் பெட்டிகளின் மூடியைக் கண்ணாடி என்று எல்லோரும் சொன்னாலும் அது கண்ணாடி இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக். சுரண்டினால் கீறல் விழும். ஐஸை வைத்து இறுக்கி, பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பி, ஒட்டியிருப்பதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, கடைசியில் சோப்புத் தண்ணீர். அரை நாள் வேலை.

பாதி வேலையில் என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். செந்துறைக்கு அந்தப் பக்கம் முந்திரிக் காட்டை ஒட்டிய ஒரு ஊரில் ஒரு அம்மா ராத்திரியே போய்விட்டார்களாம். கோயம்புத்தூரிலிருந்து பெண் வந்து சேரச் சாயங்காலம் ஆகும், வெயிலில் தாங்காது, உடனே பெட்டி வேண்டும் என்கிறார்கள். மற்ற இரண்டு பெட்டியும் வெளியே போயிருந்தன. ஒரு மணி நேரத்தில் முடியுமா என்றார். முடியும் என்றேன். அதுதான் என் திமிர்.

சிவப்புச் சாயம் எண்ணெய்க்கு அசையவில்லை. வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர் அரை பாட்டில் அலமாரியில் இருந்தது. தரையில் சிந்திய பெயிண்டை அது நொடியில் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். துணியில் நனைத்து ஒரு இழு இழுத்தேன். சிவப்பு மாயமாக மறைந்தது. நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

தின்னர் காயக் காய மூடி வெளுத்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பால்போல் ஒரு மூட்டம். தண்ணீர் விட்டேன். எண்ணெய் விட்டேன். பற்பசைகூடத் தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கே வெந்துபோயிருந்தது. அது அழுக்கு இல்லை, எதைப் போட்டாலும் போகாது.

வாசலில் அவர் வண்டியைத் திருப்பி நிறுத்துகிற சத்தம் கேட்டது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும், எப்படித் திருப்பினாலும் பொருந்தும். முகத்துப் பக்கம் இருந்த மூட்டம் கால் பக்கம் போகிற மாதிரி திருப்பிப் போட்டேன். கால்மாட்டில் மாலை குவிந்து கிடக்கும், யார் பார்க்கப்போகிறார்கள்?

தெற்கே தலை

பெட்டி பிடிக்க வழக்கமாக வருகிற ஆள் அன்று வரவில்லை. அதனால் நானும் வண்டியில் ஏறினேன். ஊருக்குள் ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்துச் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை.

எங்கள் பெட்டிகளில் மோட்டார் ஒரு முனையில் இருக்கும். கால் அந்த முனைக்கு வருகிற மாதிரிதான் எங்கும் கிடத்துவோம். அந்த வீட்டின் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக். அது தெற்குச் சுவரில். நீள வயரைப் பெரம்பலூர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் என் வீட்டுக்காரர். ஆகவே மோட்டார் முனை தெற்கே வந்தது. இறந்தவருக்குத் தலை தெற்கே இருக்க வேண்டும், அதை யாரும் மாற்ற மாட்டார்கள். மோட்டார் பக்கம் தலை வைத்தால் என்ன, குளிர் எல்லா இடமும் ஒன்றுதான் என்று அவரே சொன்னார்.

நாலு பேர் அந்த அம்மாவைத் தூக்கிக் கிடத்தினார்கள். மூடியை நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இறக்கி வைத்தபோது மூட்டம் மிகச் சரியாக முகத்துக்கு மேலே நின்றது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மூடியை மறுபடி தூக்கித் திருப்பிப் போட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் ஏன் என்று அவர் கேட்பாரே, கூட்டம் பார்க்குமே என்று பயந்தேன். அந்தப் பயத்தில் சும்மா நின்றேன்.

கரண்ட் ஏறி இறங்குகிற ஊர்களில் சற்று நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார். அதனால் நாங்கள் அங்கேயே இருந்தோம். வந்தவர்கள் பனி படிந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தார்கள். ஒருவர் துண்டால், ஒருவர் உள்ளங்கையால், மலர் முந்தானையால். உள்பக்கம் பனி போலிருக்கு என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் போய்க் குளிரைக் குறைத்து வைத்தார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தாலும் மாலைகள் மறைத்தன. தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டுகிறவரை மூடியைத் திறக்கக்கூடாது என்று பெரியவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

கால் மணி நேரம்

மணி இரண்டு இருக்கும். அப்போதுதான் குமரேசன் கூப்பிட்டான். வேலை செய்யும் இடத்தில் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்களாம். மேஸ்திரியிடம் கெஞ்சிக் கால் மணி நேரம் வாங்கியிருந்தான். லீவு கிடைக்கவில்லை. இனி அவன் கையில் போன் வரும்போது இங்கே எல்லாம் முடிந்திருக்கும். அம்மாவைப் பார்க்க அவனுக்கு இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

அதில்தான் முகம் தெரியலையே என்றான்.

மலர் துடைத்தாள். திரும்பக் காட்டினாள். கூட இருந்தவர்கள் மாலைகளை விலக்கினார்கள். அந்த வெள்ளை மூட்டத்தைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

இறந்துபோன அம்மாவின் தங்கை, குமரேசனின் சின்னம்மா, தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அழுகைக்கு நடுவே, யாரிடமும் இல்லாமல், சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார்.

"கோவம் தீரல எங்கக்காளுக்கு. என் மூஞ்சில முழிக்காதன்னு சொல்லி அனுப்புனா. சொன்னபடி மறைச்சிக்கிட்டா."

பக்கத்தில் நின்ற ஒருத்தி எனக்கு மெதுவாக விவரம் சொன்னாள். போனமுறை லீவில் வந்தவனை, வயசான காலத்தில் என்னை விட்டுட்டு மறுபடியும் போகாதேடா என்று அம்மா மறித்திருக்கிறார். அவன் கேட்கவில்லை. போனால் இனி என் மூஞ்சில முழிக்காதே என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் போனை வாங்கவே இல்லையாம். அவள் சொல்லும்போதே அவள் முகத்திலும் அம்மாதான் மறைத்துக்கொண்டார் என்ற நம்பிக்கை இருந்தது.

சின்னம்மா சொன்னது போனில் அவனுக்கும் கேட்டிருக்கிறது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"வேணாம் மலரு, தொடைக்காத" என்றான். "அது பனி இல்ல. அம்மாதான். போன வச்சிரு."

இத்தனை நாளில் எத்தனையோ அழுகை பார்த்துவிட்டேன், பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இந்தப் பையன் இனி சாகும்வரை தன் அம்மா தனக்கு முகத்தைக் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பான். அதற்குக் காரணம் அரை பாட்டில் தின்னரும் நானும். நான் பேசாமல் இருந்தால் அது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

சுவரை விட்டு முன்னால் வந்தேன்.

"தம்பி, நான் பெட்டிக்கார அக்கா பேசுறேங்க. அது ஒங்கம்மா கோவம் இல்லீங்க. மெழுகு எடுக்கிறேன்னு நான்தான் தின்னர் போட்டுத் தொடைச்சேன். மூடி வெந்துபோச்சு. தெரிஞ்சேதான் கொண்டாந்தேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நடந்ததெல்லாம் அவருக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துபோனது. போய் மூடியின் ஒரு முனையைப் பிடித்தார்.

திறக்கக்கூடாது என்று ஒரு பெரியவர் தடுத்தார். சின்னம்மாதான் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். தொறங்க என்றார், அவ்வளவுதான். அவரே மறுமுனையைப் பிடித்தார்.

மூடி விலகியதும் குளிர் கைகளில் வந்து மோதியது. அந்த அம்மா வாயில் லேசாகக் கோணலோடு, நெற்றியில் அகலமாகத் திருநீறோடு படுத்திருந்தார். மலர் உடைந்து அழுதாள், அவளால் போனைப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கிப் பிடித்தேன். அந்த முகத்தை அன்றைக்கு நானும் அப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன்.

குமரேசன் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே யாரோ அவனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை.

"நெத்தியில முடி விழுந்து கெடக்குக்கா. அம்மாவுக்கு அது புடிக்காது. கொஞ்சம் ஒதுக்கி வுடுங்க" என்றான்.

ஒதுக்கிவிட்டேன்.

"அக்கா, அப்ப அம்மா என் மேல கோவமா போகலைதானே?"

அந்த அம்மாவை நான் உயிரோடு பார்த்ததில்லை. பேர்கூட அன்றைக்குக் காலையில்தான் தெரியும். கூடத்தில் இருந்த அத்தனை பேரும், சின்னம்மா உட்பட, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லீங்க தம்பி" என்றேன். "மொகத்துல கோவமே இல்ல. நல்லாப் பாருங்க."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் மணி நேரம் முடிந்து போன் நின்றது.

திரும்பும் வழி

மூடியைத் திருப்பிப் போட்டோம். மூட்டம் கால்மாட்டுக்குப் போனது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண் சாயங்காலம் தன் அம்மாவை நன்றாகப் பார்த்தாள். எல்லாம் முடிந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு நாங்கள் கிளம்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

வண்டியில் என் வீட்டுக்காரர் தின்னரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எதிரே சிமென்ட் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. செந்துறை தாண்டிய பிறகு கேட்டார்.

"அந்தம்மாவுக்குக் கோவமே இல்லன்னு சொன்னியே கலா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க" என்றேன்.



காலையில் நான் மறைத்தது தப்பு. அதற்கு அந்த வீட்டு வாசலில் நின்று மலரிடமும் சின்னம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். மத்தியானம் நான் அந்தப் பையனிடம் சொன்னதற்கு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அது உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் நாளைக்கே கூப்பிட்டு மறுபடியும் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.